பிள்ளைக்கு ஒப்பரேசன்: முப்பரிமாண சி.ரி. ஸ்கேனா, எம்.ஆர்.ஐ.யா, அல்ட்ரா சவுண்டா?

பிள்ளைக்குப் பெரிய சத்திரசிகிச்சை தேவை என்று கிளினிக்கில் சொன்னதும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பெற்றோர் பலர் உடனே கேட்பது, “டொக்டர், 3டி ஸ்கேன் ஒண்டு எடுத்துப் பாப்பமா?” என்றுதான். கேட்பதில் பிழையில்லை. ஆனால் அதைவிடப் பயன்தரும் கேள்வி ஒன்று உண்டு: “இந்த ஸ்கேனைப் பாத்து ஒப்பரேசன்ல எதை மாத்தப் போறீங்க?” எங்கே வெட்டுவது, எவ்வளவு எலும்பை எடுப்பது, எந்தக் குழாயைக் காப்பாற்றுவது என்று தெளிவான பதில் வந்தால் ஸ்கேன் தேவை. “எதுக்கும் ஒருக்கா எடுத்து வைப்பம்” என்பது பதிலானால், பிள்ளைக்கு அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

முப்பரிமாணப் படம் என்பது தனியான ஒரு ஸ்கேன் அல்ல. சி.ரி. இயந்திரம் எடுப்பது மெல்லிய வெட்டுப்படங்கள். அவற்றை அடுக்கி, கணினி ஓர் உருவத்தைக் கட்டுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு: தண்ணீர் 0, காற்று -1000, எலும்பு சில நூறுகளும் அதற்கு மேலும். இந்த எண்ணுக்கு மேல் உள்ளதெல்லாம் எலும்பு என்று கணினிக்கு ஓர் எல்லையைச் சொல்லிக்கொடுக்கிறோம். அது உருவத்தை வரைகிறது. ஆகவே வெட்டுப்படங்களில் பதியாத எதுவும் முப்பரிமாணப் படத்தில் புதிதாக முளைக்காது. எல்லையைத் தவறாக வைத்தால், உள்ளதும் மறையும், இல்லாததும் தோன்றும்.

கதிர்வீச்சு: பயமும் அளவும்

உலகச் சராசரியாக, இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவேர்ட் கதிர்வீச்சுக் கிடைக்கிறது. பிள்ளையின் தலைக்கு எடுக்கும் சாதாரண சி.ரி. சுமார் 2 மில்லிசீவேர்ட். வயிற்றுக்கு அதைவிடக் கூடும். எம்.ஆர்.ஐ.க்கும் அல்ட்ரா சவுண்டுக்கும் கதிர்வீச்சே இல்லை.

2012இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வந்த பிரித்தானிய ஆய்வு, சிறுவயதில் சி.ரி. எடுத்த ஏறத்தாழ 180,000 பேரைப் பின்தொடர்ந்தது. அதன் கணிப்பின்படி, 10 வயதுக்குட்பட்ட 10,000 பிள்ளைகளுக்குத் தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்தாண்டில் மேலதிகமாக ஒருவருக்கு இரத்தப் புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக் கட்டியும் வரலாம். இது மிகச் சிறிய ஆபத்து. ஆனால் பூச்சியம் அல்ல. ஒவ்வொரு ஸ்கேனும் முன்னையதோடு கூடிக்கொண்டே போகும். தேவையான ஒரு ஸ்கேனைப் பயத்தினால் மறுப்பது பிழை. சரியாக எடுக்காததால் அதையே இரண்டாம் முறை எடுப்பது அதைவிடப் பெரிய பிழை. இரண்டாவதுதான் தடுக்கக்கூடியது, அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறோம்.

எலும்பின் வடிவத்துக்காக எடுக்கும் ஸ்கேனில் கதிர்வீச்சின் அளவை நன்றாகக் குறைக்கலாம். எலும்புக்கும் தசைக்கும் அடர்த்தி வேறுபாடு அதிகம். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும் உருவம் கெடாது. பெரியவர்களுக்கு வைக்கும் 120 கிலோவோல்ட்டை 80 அல்லது 100க்கு இறக்கி, மின்னோட்டத்தைப் பிள்ளையின் பருமனுக்கேற்பக் குறைத்தால், மண்டையோட்டு ஸ்கேனை 1 மில்லிசீவேர்ட்டுக்குக் கீழேயும் முடிக்கலாம். ரேடியோகிராபர்களுக்கு ஒரு நினைவூட்டல்: உடல் ஸ்கேனில் திரை காட்டும் அளவு பெரும்பாலும் 32 செ.மீ. விட்டமுள்ள உருளையை வைத்துக் கணித்தது. மெலிந்த சிறு பிள்ளைக்கு உண்மையில் கிடைப்பது அதைவிட இரண்டு மடங்குக்கு மேலும் போகலாம். திரையில் எண் சிறியதாக இருக்கிறதென்று ஆறுதல் அடைய முடியாது.

தலை வடிவம் மாறிய கைக்குழந்தை

மண்டையோட்டு எலும்புகளுக்கிடையிலான பொருத்து முன்கூட்டியே மூடிவிட்டால், தலை ஒரு திசையில் வளர முடியாமல் இன்னொரு திசையில் நீளும். நடுப்பொருத்து மூடிய தலை படகுபோல் நீண்டு ஒடுங்கியிருக்கும். விரலால் தடவினால் நடுவே வரம்பு தட்டுப்படும். அனுபவமுள்ள வைத்தியர் இதைக் கண்ணாலும் கையாலுமே கண்டுகொள்வார். நோயை உறுதிப்படுத்த மட்டும் சி.ரி. தேவையில்லை.

இதோடு அடிக்கடி குழப்பப்படுவது, ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்துத் தட்டையான தலை. மேலிருந்து பார்த்தால் அது சரிந்த நாற்சதுரம்போல் இருக்கும். தட்டையான பக்கத்துக் காது முன்னே தள்ளியிருக்கும். அதற்கு ஸ்கேனும் வேண்டாம், சத்திரசிகிச்சையும் வேண்டாம். படுக்கும் பக்கத்தை மாற்றுவதும், விழித்திருக்கும் நேரத்தில் பார்த்துக்கொண்டே குப்புறப் படுக்க விடுவதும் போதும்.

சந்தேகம் தீராதபோது முதல் தெரிவு பொருத்துக்கான அல்ட்ரா சவுண்ட். தோலில் வைத்துப் பார்க்கும், உயர் அதிர்வெண் கொண்ட நேர்க்கோட்டு ஆய்வுமுனையால் பார்த்தால், திறந்த பொருத்து இரு வெள்ளைக் கோடுகளுக்கிடையே கறுப்பு இடைவெளியாகத் தெரியும். மயக்கம் வேண்டாம், பால் குடித்துக்கொண்டே எடுக்கலாம். ஒரு வயதுக்குள் இது நன்றாக வேலை செய்யும். பிறகு எலும்பு தடிக்கத் தடிக்கப் பயன் குறையும். செய்பவரின் பழக்கத்தில் நிறையத் தங்கியிருக்கிறது என்பதே இதன் பலவீனம்.

முப்பரிமாண சி.ரி. தேவைப்படுவது சத்திரசிகிச்சை முடிவானபின். எத்தனை பொருத்துகள் மூடியுள்ளன, எலும்பு எங்கே மெலிந்துள்ளது, எந்தத் துண்டைக் கழற்றி எங்கே திருப்பிப் பொருத்தலாம் என்பதை இதுபோல் வேறெதுவும் காட்டாது. ஆனால் கைக்குழந்தையில் ஒரு பொறி இருக்கிறது. அடர்த்தி எல்லையைக் கூட்டி வைத்தால் மெல்லிய எலும்பு ஓட்டையாகத் தெரியும். குறைத்து வைத்தாலோ, வெட்டு தடிப்பாக இருந்தாலோ, திறந்த பொருத்து மூடியதுபோல் தெரியும். எனவே முப்பரிமாணப் படத்தில் கண்ட ஒவ்வொரு மூடலையும் வெட்டுப்படத்தில் சரிபார்த்த பின்பே எழுத வேண்டும். நெற்றிப்பொருத்து 3 முதல் 9 மாதங்களுக்குள் இயல்பாகவே மூடிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. அது மூடியிருப்பது மட்டும் நோயல்ல. நெற்றி முக்கோணமாகக் கூர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி.

காலமும் இங்கே முக்கியம். சிறு துளை வழியாகச் செய்யும் சிகிச்சை 6 மாதத்துக்கு முன், இயன்றால் 3, 4 மாதத்திலேயே செய்ய வேண்டியது. அது தவறினால், தலையைத் திறந்து செய்யும் பெரிய சிகிச்சையே மிஞ்சும். ஸ்கேன் திகதிக்காக இரண்டு மாதம் காத்திருப்பதைவிட, ஸ்கேன் இல்லாமலே சத்திரசிகிச்சை நிபுணரிடம் குழந்தையை முதலில் காட்டுவது நல்லது.

எலும்பும் மூட்டும்: சி.ரி. ஏமாற்றும் இடம்

எலும்பு என்றால் சி.ரி. என்பது பெரியவர்களுக்குப் பொருந்தும். சிறு பிள்ளையின் மூட்டில் பாதிக்கு மேல் இன்னும் குருத்தெலும்பு. சி.ரி.யில் குருத்தெலும்பும் தசையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறம். முப்பரிமாணப் படத்தில் அது வெற்றிடமாகவே போய்விடும்.

முழங்கையைப் பாருங்கள். அதன் ஆறு எலும்பு மையங்களும் (குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்கும் இடங்கள்) ஏறத்தாழ 1, 3, 5, 7, 9, 11 வயதுகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. மரமுந்திரிகை மரத்திலிருந்து விழுந்த 4 வயதுப் பிள்ளையின் வெளிப்பக்க முண்டு உடைந்தால், எக்ஸ்றேயிலும் சி.ரி.யிலும் தெரிவது ஒரு மெல்லிய எலும்புச் சீவல் மட்டுமே. உடைவு மூட்டின் மேற்பரப்புவரை போயிருக்கிறதா என்பது குருத்தெலும்புக்குள் ஒளிந்திருக்கும். அதற்குச் சரியான தெரிவு, சரிவாக எடுத்த இன்னொரு எக்ஸ்றே, எம்.ஆர்.ஐ., அல்லது சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே மூட்டுக்குள் கொன்ட்ராஸ்ட் (படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்து) ஏற்றி எடுக்கும் படம். இந்த உடைவை எண்ணெய்க் கட்டுப் போட்டு மூன்று நான்கு கிழமை வைத்திருந்துவிட்டு வந்தால், எந்த ஸ்கேனும் இழந்த காலத்தைத் திருப்பித் தராது. முழங்கை வீங்கினால் அன்றைக்கே எக்ஸ்றே எடுக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரானது 12 முதல் 15 வயதில் வரும் கணுக்கால் உடைவு ஒன்று. இந்த வயதில் எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு நடுவிலிருந்து மூடத் தொடங்கி, வெளிப்பக்கம் கடைசியில் மூடும். பந்து விளையாடும்போது கால் திருகினால், உடைவு மூன்று தளங்களில் ஓடும். முன்னிருந்து எடுத்த எக்ஸ்றே ஒரு வகை உடைவைக் காட்டும். பக்கவாட்டில் எடுத்தது இன்னொரு வகையைக் காட்டும். இங்கே சி.ரி. எடுக்கத் தயங்கக்கூடாது. மூட்டுப் பரப்பில் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் பொதுவாகச் சத்திரசிகிச்சை. ஸ்குரூவை எந்தத் திசையில் செலுத்துவது என்பதையும் அதே படம் சொல்லும். கணுக்காலுக்கு அருகில் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் உறுப்புகள் இல்லாததால், உடலுக்கான ஆபத்து மிகக் குறைவு.

இடுப்பு மூட்டு விலகிப் பிறந்த குழந்தைக்கு 4 முதல் 6 மாதம்வரை அல்ட்ரா சவுண்ட், பிறகு எக்ஸ்றே. மூட்டை இருத்திப் பிளாஸ்டர் போட்டபின் அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கக் குறுகிய எம்.ஆர்.ஐ. சிறந்தது, கிடைக்காவிட்டால் ஒருசில வெட்டுகள் மட்டும் எடுக்கும் குறைந்த அளவு சி.ரி. போதும். முழு இடுப்பையும் முப்பரிமாணமாக்க வேண்டியது, கிண்ண எலும்பை வெட்டித் திருப்பும் சிகிச்சைக்கு வரும் வளர்ந்த பிள்ளைக்குத்தான்.

முள்ளந்தண்டில் பாதி முள்ளெலும்பு மட்டும் உருவாகி வளைந்திருந்தால் இரண்டுமே வேண்டும். எலும்பின் ஒட்டலையும் ஸ்குரூ போகும் வழியையும் சி.ரி. காட்டும், முண்ணாண் கீழே இழுபட்டிருக்கிறதா, பிளவுபட்டிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ.தான் காட்டும். சி.ரி.யை மட்டும் பார்த்து வளைவை நிமிர்த்தினால் கால்கள் செயலிழக்கும் ஆபத்து உண்டு. நெஞ்செலும்பு குழிந்த பிள்ளைக்கு, நெஞ்சின் அகலத்தை முன்பின் ஆழத்தால் வகுத்து வரும் எண் 3.25ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கிறோம். அதற்குக் குழியின் மிக ஆழமான மட்டத்தில் எடுத்த சில வெட்டுகளே போதும்.

வயிற்றுக் கட்டியும் இதயமும்

சிறுநீரகக் கட்டிக்கு முதலில் நிறமுள்ள டொப்ளருடன் (இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் முறை) அல்ட்ரா சவுண்ட். கட்டி சிறுநீரக நாளத்துக்குள் அல்லது கீழ்ப்பெருநாளத்துக்குள் நீண்டிருக்கிறதா என்பதை அது அசைவோடு காட்டும். (வீட்டில் வயிற்றைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்கக்கூடாது, இந்தக் கட்டி வெடித்தால் நோயின் கட்டமே மாறிவிடும்.) பிறகு சி.ரி.யா, எம்.ஆர்.ஐ.யா? வயிற்றுக்கு இரண்டும் நல்லவை. இரு சிறுநீரகங்களிலும் சின்னஞ்சிறு கட்டிகளைத் தேடுவதில் எம்.ஆர்.ஐ. ஒரு படி மேல். ஆனால் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கச் சி.ரி. எப்படியும் வேண்டும். எம்.ஆர்.ஐ.க்காகத் தனியாக மயக்கம் கொடுக்க வசதியில்லாத இடத்தில், நெஞ்சையும் வயிற்றையும் ஒரே அமர்வில் சி.ரி. எடுப்பது நியாயமான தெரிவு.

அப்போது கவனிக்க வேண்டியது, எத்தனை முறை வருடுகிறார்கள் என்பது. கொன்ட்ராஸ்ட்டுக்கு முன் ஒருமுறை, மருந்து தமனிகளில் ஓடும் தமனிக் கட்டத்தில் ஒருமுறை, நாளங்களுக்கு வரும் நாளக் கட்டத்தில் ஒருமுறை என்று எடுத்தால் கதிர்வீச்சு மூன்று மடங்காகும். சிறுநீரகக் கட்டிக்கு, மருந்து ஏற்றி 60 – 70 செக்கனில் எடுக்கும் ஒரே கட்டம் பெரும்பாலும் போதும். ஈரல் கட்டிக்குத் தமனிக் கட்டமும் சேர்ந்தால் பயனுண்டு. ஏனெனில் அங்கே முப்பரிமாணப் படம் உண்மையிலேயே முடிவை மாற்றுகிறது. ஈரலை நான்கு பகுதிகளாகப் பார்த்து, அடுத்தடுத்து எத்தனை பகுதி கட்டியில்லாமல் இருக்கிறது என்று எண்ணி, வெட்டியபின் மிஞ்சும் ஈரலின் கனவளவைக் கணிக்கிறார்கள். மிச்சம் போதாதென்றால் முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். சிறுநீரகக் கட்டியில், ஒரு சிறுநீரகத்தை முழுதாக எடுப்பதென்றால் வழமையான வெட்டுப்படங்கள் போதும். இரு பக்கமும் கட்டியிருந்து ஆரோக்கியமான பகுதியைக் காப்பாற்ற முயலும்போதுதான் முப்பரிமாணம் கைகொடுக்கும்.

இதயத்துக்கு எப்போதும் எக்கோ (இதயத்துக்கான அல்ட்ரா சவுண்ட்) முதலில். இதயத்துக்கு வெளியே உள்ள பெருங்குழாய்கள், மூச்சுக்குழலைச் சுற்றி நெரிக்கும் வளையம், வழிதவறி இணைந்த நுரையீரல் நாளங்கள் ஆகியவற்றை எக்கோவால் முழுதாகக் காண முடியாதபோது சி.ரி. வரும். இதில் மருந்து ஏற்றும் கனியூலாவை வலது கையில் போடுவது நல்லது. இடது கையில் ஏற்றினால், அடர்ந்த மருந்து பெருந்தமனி வளைவுக்கு முன்னால் ஓடி, பார்க்க வேண்டிய இடத்திலேயே கீறல் கீறலாக விழும்.

ஸ்கேன் நாளன்று

சி.ரி. சில செக்கன்களில் முடியும். எம்.ஆர்.ஐ. 30, 45 நிமிடம் எடுக்கும். ஏறத்தாழ 6 வயதுக்குக் கீழே பெரும்பாலும் மயக்கம் தேவை. கதிர்வீச்சு இல்லை என்பதற்காக மட்டும் எம்.ஆர்.ஐ.யைத் தேர்வதாயின், அந்த மயக்கத்தையும் தராசில் வைக்க வேண்டும். கைக்குழந்தைக்கு இரண்டுக்கும் பொதுவான ஒரு வழி உண்டு: பசிக்க விட்டு, ஸ்கேனுக்குச் சற்று முன் வயிறாரப் பால் கொடுத்து, துணியால் இறுகச் சுற்றித் தூங்கவைத்தல். எக்ஸ்றே பிரிவில் தாய் பால் கொடுக்க ஒரு மூலையும் மின்விசிறியும் இருந்தாலே பல மயக்கங்களைத் தவிர்க்கலாம்.

மயக்கம் கொடுப்பதாயின் திட உணவும் மாப்பாலும் 6 மணித்தியாலம், தாய்ப்பால் 4, தெளிந்த நீர் 2 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும். பால் தேநீரும் கஞ்சியும் தெளிந்த நீரல்ல. வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ விடிய முன் பஸ் ஏறுபவர்கள், பிள்ளை வழியில் அழுகிறதே என்று ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் அன்றைய ஸ்கேன் போய்விடும். தூரத்திலிருந்து வருவதைத் திகதி கொடுக்கும்போதே சொல்லி, நேரத்தையும் எப்போது கடைசியாகச் சாப்பிடலாம் என்பதையும் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

கொன்ட்ராஸ்ட் மருந்து பொதுவாகக் கிலோவுக்கு 1.5 – 2 மி.லீ.; 10 கிலோ பிள்ளைக்கு 15 – 20 மி.லீ. முட்டு வருத்தம் (ஆஸ்துமா), முன்பு எந்த ஊசிக்காவது தடிப்பு வந்தது, சிறுநீரகப் பிரச்சினை எதுவென்றாலும் கேட்காமலே சொல்ல வேண்டும். பிள்ளை அசைந்தால் முப்பரிமாணப் படத்தில் எலும்பில் ஒரு படி விழும். பார்ப்பதற்கு உடைவுபோலவே இருக்கும்.

அச்சிட்ட மாதிரி

ஸ்கேன் தரவிலிருந்து எலும்பின் மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுப்பது இப்போது பெரிய செலவில்லை. இலவச மென்பொருளில் எலும்பைப் பிரித்தெடுத்து, சாதாரண பிளாஸ்ரிக் இழையில் 0.2 மி.மீ. படைகளாக அச்சிடலாம். சிக்கலான முள்ளந்தண்டு, முகவெலும்பு, இடுப்புக்கு இது உதவும். உலோகத் தகட்டை முன்கூட்டியே மாதிரியில் வளைத்துவைத்தால் பிள்ளை மயக்கத்தில் இருக்கும் நேரம் குறையும். பிழை வரும் இடங்கள் மூன்று. அளவு மாறலாம், ஸ்கேனில் தெரிந்த இரு புள்ளிகளுக்கிடையிலான தூரத்தை மாதிரியில் வேர்னியர் அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். இடம் வலம் புரண்டுவிடலாம். அச்சிட முன்பே கோப்பில் ஓர் எழுத்தைப் பதித்துவிட வேண்டும். மூன்றாவது வெப்பம்: இந்த இழைகளில் அதிகம் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்ரிக் 60 பாகை அளவிலேயே இளகும். 121 பாகையில் தொற்றுநீக்கினால் உருக்குலையும். அதை மேசையில் வைத்துப் பார்க்கலாம், சத்திரசிகிச்சைக் களத்துக்குள் கொண்டுபோக முடியாது.

இங்கேயா, கொழும்பிலா?

சத்திரசிகிச்சை கொழும்பு லேடி றிட்ஜ்வேயிலோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையிலோ நடக்கப்போவதாயின், அவசரமில்லாத முப்பரிமாண ஸ்கேனை அங்கேயே எடுப்பதுதான் எங்கள் பரிந்துரை. கத்தியைப் பிடிக்கப்போகிறவர் என்ன தடிப்பில், எந்தக் கட்டத்தில், எதுவரை வேண்டும் என்று அவரே சொல்லலாம். அவசரம் என்றாலோ, கட்டிக்குச் சிகிச்சை தொடங்க வேண்டியிருந்தாலோ, இங்கே எடுக்கலாம். ஆனால் எடுக்க முன் இரு வைத்தியர்களும் ஒரு தொலைபேசி அழைப்பில் பேசிக்கொள்ள வேண்டும்.

மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டி வருவதற்கு அடிக்கடி காரணமாவது, படங்களைப் பதிந்து தரும் சி.டி. (CD) தட்டுதான். அதில் 5 மி.மீ. தடிப்புள்ள வெட்டுகளும், அழகாக நிறந்தீட்டிய சில முப்பரிமாணப் படங்களும் மட்டும் இருக்கும். அந்த நிறப்படம் புகைப்படம் மாதிரி. திருப்ப முடியாது, வெட்ட முடியாது, அளக்க முடியாது. 5 மி.மீ. வெட்டுகளிலிருந்து புதிதாகக் கட்டினாலும் எலும்பு படிக்கட்டாகத்தான் வரும். தேவையானது 1 மி.மீ.க்குக் குறைந்த, இடைவெளியில்லாத, மென்மையான வடிகட்டியில் மீளாக்கிய மூலப்படங்கள், டைகொம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வகை) கோப்புகளாக.

அதைச் சரிபார்க்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. வைத்தியசாலையை விட்டுக் கிளம்ப முன் தட்டை அங்குள்ள கணினியில் போட்டு, படங்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். 16 செ.மீ. உயரமுள்ள தலையை 0.625 மி.மீ. வெட்டுகளாக எடுத்தால் 256 படங்கள் வரும், 5 மி.மீ. என்றால் வெறும் 32. முப்பது நாற்பது படம்தான் இருக்கிறதென்றால், “மெல்லிய வெட்டுகளையும் சேர்த்து எழுதித் தாங்க” என்று அன்றைக்கே ரேடியோகிராபரிடம் கேளுங்கள். இயந்திரத்தில் மூலத்தரவு சில நாட்களே தங்கும். அடுத்தடுத்த நோயாளர்களின் ஸ்கேன்கள் அதன்மேல் எழுதப்பட்டுவிடும். தட்டு கீறுப்படாமல் இருக்க ஒரு பிரதியைப் பென்டிரைவிலும் எடுத்து, இரண்டையும் வெவ்வேறு பைகளில் கொண்டுபோங்கள்.